உப்பிட்ட தோல்

உப்பு தோலைக் காக்குமேயன்றி மாற்றாது. உரித்த தோலை உப்பிட்டு அடுக்கினால் சில வாரம் அழுகாமல் இருக்கும், அவ்வளவே. பின்னர் அதைக் கழுவி, சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கிப் பதனிட வேண்டும். முன்னோர் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு இதைப் பொறுமையோடு செய்தனர். இராணிப்பேட்டைக்கு அண்மையில், நெமிலியில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று.

ஆயினும் நம்மை நாமே உப்பிட்டு வைத்துக்கொள்கிறோம். "நமக்கு வராது", "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று சொல்லி ஒதுங்குகிறோம். தேர்வில் தோற்ற பிள்ளை மறுதேர்வுக்கு விண்ணப்பிப்பதில்லை. குரல்வளம் உள்ளவர் பாடகர் குழுவுக்கு வருவதில்லை. பிறர் தடுத்ததால் அன்று. தோற்றுவிடுவோமோ என்னும் அச்சத்தால் நாமே தடையாகிறோம். உவமையில் தாலந்தைப் புதைத்த பணியாளன் திருடன் அல்லன், அஞ்சியவன். பெற்றதைக் குறையாமல் திருப்பித் தந்தான். அது வளரவில்லை என்பதே அவன்மீதிருந்த குறை.

நம் இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். மருத்துவப் பணியாளர் குடும்பத்தில் பிறந்தும், அவ்வாழ்வு தமக்கு வேண்டாம் என்றிருந்தார். அமெரிக்காவில் படித்த அவர், நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனம் வந்திருந்தார். ஓரிரவு மூவர், ஒருவர்பின் ஒருவராக, பேறுகாலத்தில் துன்புற்ற தம் மனைவியருக்கு உதவி கேட்டு வந்தனர். அவர் தந்தை மருத்துவர். ஆயினும் ஆண் மருத்துவர் தொடுவதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

அதன்பின் அவர் செய்ததே நம் சிந்தனைக்குரியது. வாழ்நாளெல்லாம் தம்மை நொந்துகொண்டு இருந்திருக்கலாம். மாறாக, கற்கப் புறப்பட்டார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பினார். வேலூரில் ஒரே படுக்கையுடன் சிகிச்சை தொடங்கினார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது. இன்று நாடறிந்த வேலூர் சி.எம்.சி. அவ்வாறு வளர்ந்ததே. அந்த இரவு அவரை அழைத்தது. தகுதியாக்கியதோ ஆண்டுக்கணக்கான படிப்பு.

மனம் வருந்துதலையே மாற்றம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். தன்னை ஓயாமல் பழிப்பதும் முயலாமலிருக்க ஒரு சாக்காகலாம். யூதாசும் வருந்தினான், பேதுருவும் அழுதார். யூதாசு தன் குற்றத்தோடு தனித்துப் போனான். பேதுருவோ மற்றவர்களோடு இருந்தார். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் கேட்டபோது மறுமொழி சொன்னார். ஆடுகளை மேய்க்கும் பணி அங்கே அவருக்குக் கிடைத்தது. ஆண்டவர் பழைய மறுதலிப்பை விசாரிக்கவில்லை. அன்பைக் கேட்டார், வேலை தந்தார்.

நம்மிடமும் அவர் அதையே கேட்பார். ஆகவே இந்தத் தவக்காலத்திலோ அடுத்த திருநாளிலோ என்று நாள் குறிக்க வேண்டா. தள்ளிவைத்த ஒன்றை இன்றே எடுப்போம். அது ஒரு விண்ணப்பமாயிருக்கலாம், பாதியில் விட்ட படிப்பாயிருக்கலாம், பேசாதிருந்த உடன்பிறப்புக்கு ஒரு மடலாயிருக்கலாம். சுண்ணாம்பு சற்றுக் காந்தத்தான் செய்யும். பதனிடுபவர் நம்மைக் கைவிடமாட்டார் என்னும் நம்பிக்கையோடு தொட்டிக்குள் இறங்குவோம்.