கொழுக்கட்டைப் புல்லு

ஐப்பசி மழைக்கு எங்க கொறங்காடு பச்சை கட்டி, இப்போ கதிரும் விட்டிருக்கு. கோடை முழுக்கச் சருகாகக் கிடந்த கொழுக்கட்டைப் புல்தானுங்க. மேலே கருகினாலும் தூருல உசிர் இருக்கும். காங்கேயம் மாடுகள் வளர்வதே இதில்தான். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள். காய் உதிர்ந்தால் செம்மறி பொறுக்கித் தின்னும்.

பக்கத்துக் காட்டுக்காரர் போன வருசம் டிராக்டர் விட்டு உழுது மக்காச்சோளம் போட்டாரு. மழை ஏமாத்திருச்சு. சோளமும் இல்லை, புல்லும் இல்லை. தூரைப் பேத்துட்டா மறுபடி விதைக்கணும். பறிச்ச உடனே போட்டா சரியா முளைக்காது, சில மாசம் வைத்திருந்துதான் தூவணும்.

எங்க அண்ணனும் தன் பங்கை உழுகணுங்கறாரு. தையில பேசிக்கலாம்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள அவர் பக்கத்துக் கதிரை உருவிச் சாக்குல கட்டிட்டிருக்கேன்.