தோளைப் பார்த்துச் சட்டை எடு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பா,

உன் மகன் இங்கே வேலையில் சேரப் போகிறான், ஆபீசுக்குப் போட நல்ல சட்டையும் பாண்ட்டும் எங்கே எடுப்பது என்று கேட்டிருந்தாய். ஊரிலேயே ஒரு டஜன் எடுத்துப் பெட்டியில் அடைத்துவிடாதே. இரண்டு செட்டோடு வரட்டும். மீதியை இங்கே துணி எடுத்துத் தைத்துக்கொள்ளட்டும்.

இந்த ஊரில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைப் படுத்துகிறது. வருஷம் முழுக்கப் பகலில் 32, 33 டிகிரி. ரயில் நிலையத்துக்கு நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆபீசுக்குள் போனால் ஏசி நடுங்க வைக்கும். ஆகவே உடம்பைக் கவ்விப் பிடிக்கிற பாலியஸ்டர் சட்டை இங்கே உதவாது. பருத்தித் துணியில், தோளில் சரியாக உட்கார்ந்து, மார்பிலும் வயிற்றிலும் காற்று போக இடம் விட்ட சட்டை வேண்டும்.

ரெடிமேடுக்குப் பஞ்சமில்லை. கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் அடுத்த நிறுத்தம் மிட் வேலி. அங்குள்ள பேரங்காடியில் 1971இல் தொடங்கிய மலேசிய நிறுவனமான படினி முதல் ஜப்பானின் யூனிக்லோ வரை எல்லாம் உண்டு. அவசரத்துக்கு அங்கே எடுக்கலாம். ஆனால் எடுக்கும்போது தோளைப் பார்த்து எடுக்கச் சொல். தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். இடுப்பு லூஸாக இருந்தால் பக்கத் தையலைப் பிடித்துவிடலாம், கை நீளத்தைக் குறைக்கலாம். தோள் இறங்கிய சட்டையைச் சரிசெய்வதென்றால் கையைப் பிரித்து மறுபடி வைக்க வேண்டும். அந்தக் கூலிக்கு வேறு சட்டையே பார்த்துக்கொள்ளலாம்.

துணி எடுக்க நல்ல இடம் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் அதை ஒட்டிய ஜாலான் மஸ்ஜித் இந்தியாவும். கேஎல் சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டி ரயிலில் இரண்டாவது நிறுத்தமான மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி நடந்துவிடலாம். முதல் சாலையைப் பழைய ஆட்கள் இன்னும் பத்து ரோடு என்றுதான் சொல்கிறார்கள். சிந்திகளும் குஜராத்திகளும் தமிழ் முஸ்லிம்களும் துணி வியாபாரம் வளர்த்த வட்டாரம் இது. வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போக வேண்டாம், தொழுகைக்காகப் பல கடைகள் அடைத்திருக்கும்.

கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த துணியாக இருக்கும். கசங்காது, விலையும் குறைவு. அதை ஒதுக்கிவிட்டுச் சுத்தமான பருத்தி கேட்கட்டும். 58 அங்குல அகலமென்றால் முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர், பாண்ட்டுக்கு 1.2 அல்லது 1.3 மீட்டர் போதும். 36 அங்குல அகலமென்றால் சட்டைக்கு இரண்டரை மீட்டர் வரை ஆகும். பருத்தியை ஒரு தடவை தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே தையலுக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே காலர் கழுத்தைப் பிடிக்கும்.

தைக்க பிரிக்பீல்ட்ஸுக்கு வரட்டும். 2010 அக்டோபரில் அன்றைய பிரதமர்கள் நஜிப் ரசாக்கும் மன்மோகன் சிங்கும் திறந்துவைத்த பிறகு இந்த இடம் லிட்டில் இந்தியாவாகிவிட்டது. துன் சம்பந்தன் சாலையின் முகப்பில் புடவையும் ஜிப்பாவும் பூமாலையும்தான் கண்ணில் படும். தையற்காரர்களைத் தேடி உள்சந்துகளுக்கும் கடை மாடிகளுக்கும் போக வேண்டும்.

அப்படி ஒரு மாடிக் கடையில் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அளவு கொடுக்க வந்தவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். "மூச்சை விடுங்கண்ணே, நாள் பூரா இப்படியேவா நிக்கப் போறீங்க?" என்றார் தையற்காரர். பிறகு நாற்காலியில் உட்காரச் சொல்லி இடுப்பை மறுபடி அளந்தார். கையை மேலே தூக்கச் சொன்னார். பர்ஸையும் போனையும் வழக்கமாக வைக்கிற பையில் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார். வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருப்பதைத் தனியாகக் குறித்துக்கொண்டார். நின்றால் ஓர் அளவு, உட்கார்ந்தால் ஓர் அளவு. ரெடிமேட் கடையின் எஸ், எம், எல் எதுவும் இவ்வளவு பார்க்காது.

பையன் சரிபார்க்க வேண்டியவற்றையும் சொல்கிறேன். பட்டன் போட்ட காலருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். உட்காரும்போது வயிற்றுப் பட்டன்களுக்கு நடுவில் சட்டை வாய் பிளக்கக் கூடாது. கையைத் தூக்கினால் சட்டை முழுதும் பாண்ட்டிலிருந்து வெளியே வரக் கூடாது. பாண்ட்டின் பக்கப் பைகள் விரிந்து நின்றால் இடுப்புக்குக் கீழே டைட் என்று பொருள். பின் தையலில் ஓர் அங்குலமாவது துணி உள்ளே விடச் சொல்ல வேண்டும். இந்த ஊர் நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் சாப்பிட ஆரம்பித்தால் அந்த ஓர் அங்குலம் தேவைப்படும்.

ஷா ஆலம் பக்கம் வீடு பார்த்தால் கிள்ளானே அவனுக்கு வசதி. கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டரில் ஒரு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஜாலான் தெங்கு கிளானா, அங்கே துணிக்கடை வரிசை. துணியும் தையலும் ஒரே தெருவில் முடிந்துவிடும்.

ஒரு முழுக்கை பாத்தேக் (பாட்டிக்) சட்டையும் தைத்துக்கொள்ளட்டும். இங்கே அரசு ஊழியர்கள் வியாழக்கிழமை பாத்தேக் அணிகிறார்கள். விருந்துக்கும் விழாவுக்கும் கோட்டுக்குச் சமமான மரியாதை அதற்கு உண்டு. நடுப்பட்டியிலும் பையிலும் பூவேலை முறியாமல் சேர்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். நல்ல தையற்காரரின் கை அதில் தெரிந்துவிடும்.

நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பல வாரம் முன்பே தையற்காரர்கள் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்னால் போகட்டும். முதலில் ஒரே ஒரு சட்டை தைத்து, உடுத்தி, துவைத்து, மறுபடி உடுத்திப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கொடுக்கட்டும்.

கடைசியாக ஒன்று. துணிக்கடையில் பேரம் பேசலாம், தையல் கூலியில் பேச வேண்டாம் என்று அவனிடம் சொல். வெட்டி, காலருக்குக் கேன்வாஸ் வைத்து, காஜா எடுத்து, பட்டன் கட்டி, இஸ்திரி போட்டுத் தருகிற வேலை அது. வாங்குகிறவர்கள் பேரங்காடிக்குப் போய்விட்டதால் இந்த மாடிக் கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. நம் பிள்ளைகள் படியேறிப் போனால்தான் அவை திறந்திருக்கும்.

அன்புடன்,
உன் நண்பன்