உலோகத்தின் எஞ்சிய வாழ்நாள்

உறுதிக்கு உவமையாக இரும்பைச் சொல்வது நம் வழக்கம். ஆயினும், கடும் வெப்பத்தில் நெடுங்காலம் சுமை தாங்கும்போது இரும்பும் தளர்கிறது.

அனல்மின் நிலையத்தில் கொதிகலனிலிருந்து சுழலிக்கு நீராவியைக் கொண்டுசெல்லும் எஃகுக் குழாய், ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் மிகுந்த அழுத்தத்தையும் இரவுபகலாகத் தாங்குகிறது. அவ்வழுத்தம் குழாயை உடனே உடைக்கும் அளவினதன்று. எனினும், ஆண்டுகள் செல்லச் செல்ல எஃகு கண்ணுக்குப் புலப்படாமல் விரிகிறது. இதனை ‘ஊர்வு’ எனலாம். ஈயத்தில் இது சாதாரண வெப்பநிலையிலேயே நிகழும். ஐரோப்பாவின் பழைய கட்டடங்களில் ஈயக் குழாய்கள் தம் எடையாலேயே தொய்ந்திருப்பது இதனால்தான்.

ஊர்வுக்கு மூன்று பருவங்கள் உண்டு. முதலில் அது விரைவாகத் தொடங்கி வேகம் தணியும். பின்னர் நெடுங்காலம் சீராகச் செல்லும். இறுதியில் வேகம் கூடி முறிவில் முடியும். சீரான நடுப்பருவத்தில் வெளித்தோற்றம் எதையும் காட்டாது. ஆனால், உள்ளே படிகப் பரல்களின் எல்லைகளில் நுண்துளைகள் தோன்றலாம். அவை பெருகி, வரிசையாகி, ஒன்றுசேர்ந்து விரிசலாகும்.

எனவேதான், மிகுவெப்பத்தில் இயங்கும் கொதிகலன்களை 1,00,000 மணிநேர உழைப்புக்குப் பின் மதிப்பிட வேண்டும் என்கிறது இந்தியக் கொதிகலன் விதி. ஆய்வாளர் குழாயின் விட்டத்தை அளக்கிறார். அதன் பரப்பில் ஓரிடத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அமிலத்தால் துடைத்து, மென்மையாக்கிய நெகிழிப் படலத்தை ஒட்டி உரிக்கிறார். குழாயை அறுக்காமலேயே அதன் நுண்ணமைப்பு படலத்தில் பதிந்துவிடுகிறது. நுண்ணோக்கியில் தனித்தனித் துளைகள் தெரிந்தால் கண்காணிப்புப் போதும். வரிசையாகத் தெரிந்தால் அடுத்த ஆய்வை விரைவில் நடத்த வேண்டும். விரிசல் தெரிந்தால் பழுதுநீக்கமோ மாற்றமோ தேவை.

வெப்பநிலைக் கணக்கும் இன்றியமையாதது. 1952 இல் லார்சன், மில்லர் என்னும் இருவர் வெப்பநிலையையும் காலத்தையும் இணைக்கும் வாய்பாட்டை வெளியிட்டனர். அதன்படி, 540 டிகிரியில் உழைக்கும் குழாயின் வெப்பநிலை தொடர்ந்து 10 டிகிரி கூடுதலாக இருந்தாலே வாழ்நாள் ஏறக்குறையப் பாதியாகும்.

குழாய் வெடித்தால் பீறிடும் நீராவி அருகில் இருப்போரின் உயிரைப் பறிக்கும். அதற்கு அஞ்சி நல்ல குழாயையும் கழித்துவிட்டால் பெரும்பொருள் வீணாகும். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று முடிவுரைப்பதே ஆய்வாளரின் கடமை. அவர் இடும் கையொப்பத்தை நம்பியே, மறுநாளும் தொழிலாளர்கள் அக்குழாயின் அடியில் நடந்து செல்கின்றனர்.