ஓரியூர்ச் செம்மண்

இராமநாதபுரம் மாவட்டத்தில், திருவாடானை வட்டாரத்தில், பாம்பாற்றை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் ஓரியூர். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்த ஆண்டில் நெல் விளையும். நிறையாத ஆண்டில் கருவேலமரமே கண்ணுக்குக் கிடைக்கும். இவ்வூரை நாடி மக்கள் திரள்திரளாக வருவதற்குக் காரணம், 1693-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 4-ஆம் நாள், சாம்பற் புதனன்று, இங்கே சிந்தப்பட்ட குருதி. யோவான் தெ பிரிட்டோ என்னும் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட மண் இது.

புனிதர் லிஸ்பன் மாநகரில் 1647-இல் உயர்குடியிற் பிறந்தவர். அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழராய் வளர்ந்தவர். இயேசு சபைக் குருவாகி 1673-இல் இந்திய மண்ணை மிதித்த அவர், மதுரை மறைத்தளத்தில் பண்டார சுவாமியாகக் காவி உடுத்தினார். அக்காலக் குருக்களுள் பிராமண சந்நியாசியராக வாழ்ந்தோர் தாழ்த்தப்பட்டோரின் குடிசைக்குப் பகலில் செல்ல இயலாது. சென்றால் மேற்குலத்தார் வாயிலை அடைத்துவிடுவர். பண்டார சுவாமிகளுக்கு அத்துணைக் கட்டு இல்லை. உழுபவனிடமும் ஊர்த்தலைவனிடமும் பேசலாம். அருளானந்தர் இவ்வழியை மேற்கொண்டு, புலால் நீத்து, கால்நடையாகவே மறவர் சீமையெங்கும் திரிந்தார்.

1686-இல் அவரையும் உடனிருந்த உபதேசியார்களையும் பிடித்துக் கொடுமையாக வதைத்தனர். இறுதியில் கிழவன் சேதுபதி, இனி இந்நாட்டில் போதிக்கலாகாது என்ற கட்டளையுடன் அவரை விடுவித்தார். பின்னர் மறைத்தள அலுவலாக ஐரோப்பா சென்றபோது, பழைய தோழர் பேதுரு அரசராக வீற்றிருந்தார். இங்கேயே தங்கிவிடும் என்று வேண்டினார். அரண்மனையும் ஒரு குருவுக்கு ஊழியக்களம் ஆகக்கூடியதே. தங்கியிருந்தால் எவரும் குறை கூறியிரார். ஆயினும் 1690-இல் அவர் திரும்பிவிட்டார்.

இனித்தான் ஓரியூரின் கதை தொடங்குகிறது. மறவர் சீமையின் இளவரசர்களுள் ஒருவரான தடியத்தேவர் கடும் நோயுற்று, அருளானந்தரை அழைத்துவர ஆளனுப்பினார். சுவாமியால் உடனே வர இயலவில்லை. ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் நோயாளியின் அருகில் நின்று நற்செய்தியை வாசித்தார், தேவர் குணமடைந்தார். இளவரசரின் வாயிலுக்கு முதலில் மறையைக் கொண்டுசென்றது குருவானவர் அல்லர், குடும்பத்தவரான ஓர் உபதேசியார் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

தேவர் திருமுழுக்குக் கேட்டார். அவருக்கோ மனைவியர் பலர். ஒருவரைத் தவிர ஏனையோரை விலக்கினாலன்றித் திருமுழுக்கு இல்லை என்றார் சுவாமி. கூலியாள் ஒருவன் வந்து கேட்டிருந்தாலும் இதையே கூறியிருப்பார். இளவரசரின் தயவு இருந்தால் சிற்றூர்க் கிறிஸ்தவர்கள் அச்சமின்றி வாழலாமே, சற்றே கண்ணை மூடிக்கொண்டால் என்ன என்று நம்மில் ஒருவர் எண்ணியிருக்கக்கூடும். அவர் கண்ணை மூடவில்லை. ஏழையிடம் கண்டிப்பும் செல்வரிடம் சலுகையும் காட்டுவது எக்காலத்துக்கும் எளிதான வழியன்றோ!

தேவர் இணங்கினார். 1693-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டோருள் இளையவள் சேதுபதியின் உறவினள். அவள் அரசரிடம் முறையிட்டாள். பழைய நூல்கள் அவளை ஏரோதியாளுடன் ஒப்பிட்டு ஏசும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் குற்றம் ஏதுமின்றித் தள்ளப்பட்ட பெண் அழாமல் வேறென் செய்வாள்?

இரண்டு நாட்களில் சுவாமி சிறைப்பட்டார். இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். கொலைக்கு முன்னாள், சிறையிலிருந்தபடி கரியைக் கொண்டு எழுதிய கடிதத்தில், மகிழ்ச்சியுடன் சாவை எதிர்நோக்குவதைத் தெரிவித்தார். 1853-இல் அருளாளர் நிலைக்கும், 1947-இல் புனிதர் நிலைக்கும் திருச்சபை அவரை உயர்த்தியது.

இன்று ஓரியூர் செல்வோர் அங்கே பல சமயத்தாரைக் காணலாம். மொட்டையடிப்போர் ஒருபுறம், தென்னங்கன்று கொணர்வோர் மறுபுறம். ஆட்டுக்கடா நேர்ந்துகொண்டு அசனம் சமைக்கும் குடும்பங்களும் உண்டு. அன்று அவரை வெட்டிய சீமையின் மறவர் குல மக்களும் அவரிடம் நேர்த்திக்கடன் வைக்கின்றனர். அசனப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எத்தெருவினர் என்று வினவியவரை நான் கண்டதில்லை. நம் பங்குகள் சிலவற்றிலோ, கல்லறைத் தோட்டத்திலும் தெருப் பார்த்துக் குழி தோண்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஓரியூர்ப் பந்தியில் உண்டு திரும்பியவர்களே அங்கும் நிற்கின்றனர்.

குருதி வீழ்ந்ததால் சிவந்தது என்று மக்கள் நம்பும் மண்ணை, புதன்கிழமைகளில் பெண்கள் குனிந்து அள்ளி முந்தானையில் முடிகின்றனர். நோயுற்ற பிள்ளையின் நெற்றிக்குச் சிறிது. வீட்டு நிலைப்படிக்குச் சிறிது. வர இயலாத அண்டை வீட்டாருக்கென ஒரு பிடி.