ஓடிபி கேட்காத ஆடிட்டர்!

எங்கள் அப்பா ஆடிட்டர் கிடையாது. பி.காம் முடித்து, ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு நாமக்கல்லில் தனியாக ஒரு ரூம் எடுத்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பவர். ஆனாலும் ஊருக்குள் அவர் பெயர் 'ஆடிட்டர்'தான். "நான் ஆடிட்டர் இல்லீங்க, சி.ஏ படிக்கலீங்க" என்று அவர் விளக்கினால், "அட, அதனால என்னங்க ஆடிட்டரே" என்று பதில் வரும்.

ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், பன்னிரண்டு வருடமாக அங்கேயே வேலை பார்க்கும் ஓர் அக்கா, சீசனுக்கு மட்டும் வரும் ஒரு கல்லூரிப் பையன். முந்நூற்றுச் சொச்சம் பேரின் கணக்கு. ஆசிரியர்கள், பென்ஷன்தாரர்கள், லாரி ஓனர்கள், கோழித்தீவனக் கடைக்காரர்கள். ஏப்ரலில் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்கும் அந்த ரூம், ஜூலையில் கல்யாண வீட்டு சமையல்கட்டு மாதிரி ஆகிவிடும்.

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிறேன். 'ஐ.டி.ஆர் தாக்கல் செய்ய கடைசி நாள் எப்போது?' என்று ஒவ்வொரு வருடமும் செய்தி வருகிறதல்லவா, அதை எழுதுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. அந்தச் செய்தி வெளியான அரை மணி நேரத்தில் அப்பாவுக்கு எத்தனை போன் வரும் என்பது டெஸ்க்கில் வேறு யாருக்கும் தெரியாது.

2024 ஜூலையில் அப்பாவின் கிளையன்ட் ஒருவருக்கு 47,000 ரூபாய் போனது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. "ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து பேசறோம், உங்களுக்கு ரீஃபண்ட் வந்திருக்கு, ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். சொல்லிவிட்டார். பணம் போனது மறுநாள் பேங்க்குக்குப் போனபோதுதான் தெரிந்தது. 1930-க்கு அப்பாதான் போன் போட்டுக் கொடுத்தார். அதற்குள் ஒரு நாள் கடந்திருந்தது.

அவன் பெரிய ஹேக்கர் எல்லாம் இல்லை. ஜூலை மாதம், வயதானவர், பென்ஷன் வருகிறது என்றால் வரிக்கணக்கு பார்க்க யாரோ ஓர் ஆடிட்டர் இருப்பார் என்று ஊகிக்க என்ன கஷ்டம்? 2023-ல் '15,490 ரூபாய் ரீஃபண்ட் அப்ரூவ் ஆகியிருக்கிறது' என்று ஒரு மெசேஜ் சுற்றியது நினைவிருக்கலாம். அது போலி என்று பி.ஐ.பி ஃபேக்ட் செக் சொன்னது. நாங்களும் செய்தி போட்டோம். டீச்சர் அதைப் படித்தும் இருந்தார்.

அப்பா அவர் வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். "அந்த மெசேஜ்லயே யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்குமே டீச்சர்" என்று அப்பா மெதுவாகத்தான் கேட்டார்.

"வருஷா வருஷம் உங்க ஆபீஸ் பையன் கேக்கறப்பவும் அப்படித்தானே தம்பி போட்டிருக்கு? அவனுக்குச் சொல்றேன்ல?"

அப்பா காபியைத் தொடவே இல்லை.

வரிக்கணக்குத் தாக்கல் செய்வதோடு வேலை முடியாது. அதை 'வெரிஃபை' செய்ய வேண்டும். முன்பு 120 நாள் அவகாசம் இருந்தது. 2022 ஆகஸ்ட்டில் இருந்து 30 நாள்தான். பெரும்பாலும் ஆதார் ஓடிபி மூலம்தான் நடக்கும். கிளையன்ட்டுக்கு போன் போடுவார்கள், நம்பரைக் கேட்டு டைப் செய்வார்கள், அடுத்த ஃபைல். அப்பாவின் ஆபீஸில் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்த எல்லா சின்ன ஆபீஸிலும் இதுதான் வழக்கம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால், போனில் கேட்டால் ஓடிபியைச் சொல்லலாம் என்று முந்நூறு குடும்பங்களுக்கு நாமே வருடா வருடம் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால், 2025 மே மாதம் பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போனேன். "இந்த சீசனுக்கு நான் ஆபீஸை ரெடி பண்ணித் தரேன்ப்பா" என்றேன். "நீ பண்ணு பாப்பா, ஆனா என் சேரை மாத்திராத" என்றார்.

முதலில் கம்ப்யூட்டர். சாஃப்ட்வேர் இருந்த மெயின் மெஷினில் விண்டோஸ் 10. அதற்கு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு சப்போர்ட்டை நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. அந்தப் பழைய மெஷின் விண்டோஸ் 11-ஐத் தாங்காது. "அக்டோபர்தானே, சீசன் முடியட்டும்" என்றார் அப்பா. ஊரில் பாதிப் பேரின் பான் நம்பர், பேங்க் கணக்கு, சம்பள விவரம் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அதுவுமில்லாமல், வரி சாஃப்ட்வேரின் லைசென்ஸைப் பழைய மெஷினில் இருந்து விடுவித்துப் புதியதில் போட வேண்டும். அதற்கு கஸ்டமர் கேரைப் பிடிக்க வேண்டும். மே மாதத்தில் இரண்டாவது ரிங்கில் எடுத்தார்கள். ஜூலையில் எடுப்பார்களா?

பேக்கப் ஒரு பென் டிரைவில் இருந்தது. அந்தப் பென் டிரைவ் அதே கம்ப்யூட்டர் மேஜையின் டிராயரில் இருந்தது! திருடன் வந்தாலும் தண்ணீர் வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போயிருக்கும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து வீட்டு பீரோவில் வைப்பது என்று முடிவானது. எடுத்து வைத்தால் மட்டும் போதாது, அதில் இருந்து திரும்ப டேட்டா வருகிறதா என்று ஒருமுறை போட்டும் பார்த்தோம். வந்தது.

அடுத்தது நோட்டு. பிரவுன் அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. அதில் எல்லா கிளையன்ட்டுகளின் பான் நம்பரும் வருமான வரி போர்ட்டல் பாஸ்வேர்டும் அக்காவின் குண்டு குண்டு கையெழுத்தில். ஆபீஸுக்கு யார் வந்தாலும் அந்த நோட்டு மேஜை மேல்தான் கிடக்கும். பாஸ்வேர்டுகளைப் பார்த்தேன். பெயரின் முதல் நான்கு எழுத்து, அப்புறம் 123. ஒருவருடையதை ஊகித்தால் ஊரையே திறந்துவிடலாம். சாஃப்ட்வேரிலேயே பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கிற வசதி இருந்தது, இத்தனை வருடம் யாரும் அதைத் தொடவில்லை. எல்லாவற்றையும் மாற்றி உள்ளே ஏற்ற அக்காவுக்கும் எனக்கும் மூன்று நாள் ஆனது. நோட்டைக் கிழிக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. அது இப்போது அப்பாவின் பீரோவில் பூட்டியிருக்கிறது. அதில் இருக்கும் எந்த பாஸ்வேர்டும் இனி வேலை செய்யாது என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

பிறகு போன் நம்பர்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் நம்பரை அவர்கள் சேவ் செய்திருந்தால்தான் மெசேஜ் போய்ச் சேரும். ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான். "மெசேஜ் போட்டேனே, யாரும் பேப்பர் கொண்டுவரலையே" என்று அப்பா வருடா வருடம் புலம்பியதற்குப் பாதிக் காரணம் இதுதான். லிஸ்ட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். நாற்பதுக்கும் மேல் நம்பர் மாறியிருந்தது.

நான்கு பேர் இறந்துபோயிருந்தார்கள். அவர்கள் நம்பருக்கும் இரண்டு சீசனாக 'டியர் சார், கைண்ட்லி சப்மிட்' போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஒரு நம்பரை மகள் எடுத்தார். "அப்பா போன்தானுங்க, ரீசார்ஜ் பண்ணி வெச்சிருக்கோம்" என்றார். இறந்தவருக்கு அந்த வருடத்தில் இறக்கும் நாள் வரைக்குமான வருமானத்துக்கு வாரிசு பதிவு செய்து கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும் என்பதைப் போனில் எப்படிச் சொல்வது? அதை அப்பாதான் பேசினார். முதல் ஐந்து நிமிடம் அவர் வரியைப் பற்றிப் பேசவே இல்லை.

மெசேஜ்தான் என் தொழில் என்பதால், அதில் கொஞ்சம் அதிகாரம் செய்தேன். பழைய மெசேஜ் முழுக்க ஆங்கிலம். பதினேழு ஆவணங்களின் பட்டியல். பென்ஷன் வாங்கும் டீச்சருக்கும் அதே, லாரி ஓனருக்கும் அதே. லாரி ஓனருக்கு அதில் முக்கால்வாசி தேவையே இல்லை. பத்து வண்டி வரைக்கும் வைத்திருப்பவர்களுக்கு 44ஏ.இ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கனரக வண்டி என்றால் மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய், மற்ற வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் என்று வருமானத்தைக் கணக்கிட்டுக் காட்டலாம். அவர்களிடம் முக்கியமாக வேண்டியது ஆர்.சி காப்பியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான். பட்டியலைப் பார்த்து மலைத்துப்போய்தான் அவர்கள் வராமலே இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்தே வேண்டாம் என்று அப்பா குரலில் நாற்பது விநாடி வாய்ஸ் மெசேஜ் எடுத்தோம். "ஏனுங், வண்டி எங்க ஓடுதுங்?" என்று ஆரம்பிப்பார். செம ஹிட்!

சம்பளக்காரர்களுக்கும் பென்ஷன்காரர்களுக்கும் வேறு மெசேஜ். ஃபார்ம் 16 கொடுக்க ஜூன் 15 வரை கெடு இருக்கிறது. அதற்கு முன் அவர்களை விரட்டிப் பயனில்லை. 2025-ல் இன்னொரு தலைவலியும் இருந்தது. பிப்ரவரி பட்ஜெட்டில் '12 லட்சம் வரை வரி இல்லை' என்று வந்ததல்லவா? அது 2025-26 வருமானத்துக்கு. அப்போது தாக்கல் செய்யப்போவது 2024-25 வருமானத்துக்கு. அதற்குப் புதிய முறையில் 7 லட்சம்தான். "டிவியிலயே சொல்லிட்டாங்க, நான் எதுக்குங்க கணக்கு குடுக்கோணும்?" என்று ஏப்ரலிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் டெஸ்க் தலைப்பும் '12 லட்சம் வரை வரி இல்லை'தான். எந்த வருடத்துக்கு என்பது மூன்றாவது பத்தியில் இருந்தது.

எல்லா மெசேஜின் கடைசி வரியும் ஒன்றுதான்: 'எங்கள் ஆபீஸில் இருந்து யாரும் போனில் ஓடிபி கேட்க மாட்டோம். கேட்டால் அது நாங்கள் இல்லை.'

இந்த வரிக்குத்தான் வீட்டில் சண்டை. "அப்புறம் முந்நூறு பேருக்கு எப்படி வெரிஃபை பண்றது? நீ சென்னைக்குப் போயிருவ. நானும் அக்காவும் என்ன பண்றது?" அப்பா கேட்டதில் நியாயம் இருந்தது. போனில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை.

வழிகள் இல்லாமல் இல்லை. லாகின் செய்யாமலே, பான் நம்பரும் ரசீது எண்ணும் போட்டு கிளையன்ட்டே போர்ட்டலில் வெரிஃபை செய்துகொள்ளலாம். அதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துக் கொடுத்தேன். போனில் தடுமாறுகிறவர்கள் ஆபீஸுக்கு நேரில் வந்து தாங்களே டைப் செய்யட்டும். இரண்டும் முடியாதவர்களுக்குப் பழைய வழி: ஐ.டி.ஆர்-வி பிரின்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, பெங்களூரு சி.பி.சி-க்கு ஸ்பீடு போஸ்ட். அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை, "டீச்சருக்கு முதல்ல அனுப்பு" என்றார்.

மே 25, ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் மெசேஜ் போனது. கடைசி நாள் ஜூலை 31 என்று கொட்டை எழுத்தில். மே 27-ம் தேதி செப்டம்பர் 15 வரைக்கும் அவகாசத்தை நீட்டித்துவிட்டார்கள்! டெஸ்க்கில் இருந்து புஷ் நோட்டிஃபிகேஷன் என் போனுக்கும் அப்பா போனுக்கும் ஒரே நேரத்தில் வந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அவகாசம் நீட்டினால் வேலை பரவலாகும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நடப்பது வேறு. ஜூலை கூட்டம் அப்படியே செப்டம்பருக்கு நகரும்.

அன்று மாலை இரண்டாவது மெசேஜ் போனது. வார்த்தை அப்பாவுடையது: 'அரசாங்கத்துத் தேதி செப்டம்பர் 15. நம்ம ஆபீஸ் தேதி ஜூலை 31தானுங்க.' நான் எழுதிய எதைவிடவும் அது நன்றாக வேலை செய்தது. எல்லாரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் விற்றவர்களின் ஃபார்முக்கு யூட்டிலிட்டியே ஜூலையில்தான் வந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேப்பர்கள் முன்பே வந்து ஃபைலில் இருந்தன.

செப்டம்பர் 15 ராத்திரி நான் நைட் ஷிஃப்டில் இருந்தேன். போர்ட்டல் திணறுகிறது என்று சமூக வலைதளமெல்லாம் புலம்பல். இன்னும் ஒரு நாள் நீட்டிப்பு என்று அறிவிப்பு வந்ததும் ஃபிளாஷ் போட்டுவிட்டு அப்பாவுக்கு போன் செய்தேன். மீதி நான்கு ஃபைல். முந்தைய வருடம் கடைசி நாள் ராத்திரி முப்பதுக்கும் மேல் இருந்ததாம். "நாளைக்குப் பாத்துக்கலாம், நீ சாப்பிட்டியா?" என்றார்.

இதற்கு நடுவில், ஆகஸ்ட்டில் ஒரு நாள், அக்கா பழக்கதோஷத்தில் ஒரு லாரி ஓனருக்கு போன் போட்டு ஓடிபி கேட்டிருக்கிறார். அவர் நாக்பூர் பக்கம் வண்டியோடு இருந்திருக்கிறார். "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ஆடிட்டர் சொல்லியிருக்காருங்" என்று கட் செய்துவிட்டார். அப்பாவே கூப்பிட்டும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி, நேரில் வந்து, தன் கையாலேயே டைப் செய்துவிட்டுத்தான் போனாராம். முப்பது நாளில் இருபத்தி ஆறு நாள் போயிருந்தது.

டீச்சருக்கு இழந்த பணம் இன்னும் வரவில்லை. ஜூன் கடைசியில் முதல் ஆளாக வந்து, போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினார் என்று அக்கா சொன்னார்.

இந்த வருட மெசேஜை எழுதிக்கொண்டிருக்கிறேன். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-ல் இருந்து அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் இப்போது தாக்கல் செய்யும் 2025-26 வருமானத்துக்குப் பழைய 1961 சட்டம்தான். இதை லாரி ஓனருக்குப் புரிகிற மாதிரி நான்கு வரியில் எழுதி அனுப்பினேன். "ரெண்டு வரி போதும் பாப்பா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார் அப்பா. ஓடிபி வரியை மட்டும் அவரே மேலே, முதல் வரியாக மாற்றி வைத்திருக்கிறார்.