கசிவைத் தேடும் இரண்டு நிமிடம்

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு வெந்நீரும் குளிர்காலச் சூடும் தருவது, சமையலறைச் சுவரிலோ அலமாரிக்குள்ளோ மாட்டியிருக்கும் கேஸ் பாய்லர். தெருவுக்கடியில் ஓடும் குழாயிலிருந்து மீட்டருக்கும், அங்கிருந்து செம்புக் குழாய் வழியே பாய்லருக்கும் இயற்கை எரிவாயு வந்து சேர்கிறது. அதில் பெரும்பகுதி மீத்தேன். மீத்தேனுக்கு வாடை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே கந்தகம் கலந்த நாற்றப்பொருளை மிகச் சிறிய அளவில் சேர்க்கிறார்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் போதும், தீப்பிடிக்கும். மூடிய அறையானால் வெடிக்கும். அந்த அளவை எட்டுவதற்கு வெகு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும்படி நாற்றம் சேர்க்கப்பட்டிருக்கிறது.

வாடை வந்ததும் செய்ய வேண்டியவை சில. சன்னல் கதவுகளைத் திறக்க வேண்டும். மின்சார சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் அவசர வால்வின் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பினால் வீட்டுக்குள் வரும் எரிவாயு நின்றுவிடும். பிறகு வெளியே போய் 0800 111 999 என்ற இலவச எண்ணை அழைக்க வேண்டும். வால்வை மூட முடியாத கசிவென்றால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், மூடியாயிற்று என்றால் இரண்டு மணி நேரத்துக்குள்ளும் குழாய் வலையமைப்பு நிறுவனத்தின் ஆள் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் வேலை ஆபத்தை நிறுத்துவது. பாய்லரைப் பழுதுபார்ப்பது அல்ல. கசிவு பாய்லரில் என்று தெரிந்தால் அதைத் துண்டித்து, எச்சரிக்கைச் சீட்டு மாட்டிவிட்டுப் போவார். பழுதுபார்ப்பு அதன்பின் வருகிற பதிவுபெற்ற கேஸ் இன்ஜினியருடையது.

இந்தப் பதிவுமுறைக்குப் பின்னால் உயிர்கள் போயிருக்கின்றன. 1968 மே 16 விடியற்காலையில் கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதியில், ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18ஆவது மாடியில் ஒரு பெண் தேநீர் போடத் தீக்குச்சியைக் கிழித்தார். வெடித்த வேகத்தில் கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். அடுப்புக்கு எரிவாயு கொண்டுவந்த இணைப்பில் இருந்த தரக்குறைவான ஒரு பித்தளை நட் உடைந்ததே கசிவுக்குக் காரணம். 1970இல் கார்கி என்ற பதிவேடு தன்விருப்பச் சேர்க்கையாகத் தொடங்கியது. 1991இல் அது கட்டாயமாயிற்று. 2009 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் கேஸ் சேஃப் பதிவேடு இருக்கிறது. பதிவில்லாதவர் கூலிக்குக் கேஸ் வேலை செய்வது சட்டப்படி குற்றம். பதிவு பெற்றவரும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திறன்தேர்வை மறுபடி எழுதித் தேற வேண்டும்.

அதே நியூஹாமில்தான் தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த ஈஸ்ட் ஹாம் இருக்கிறது. அங்கே ஒரு வாடகை வீட்டில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று கவனித்தபோது முதலில் கண்ணில் பட்டது, இன்ஜினியர் கருவிப்பெட்டியைத் திறக்கவே அவசரப்படவில்லை என்பது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டனில் தொழில் பழகியவர். வீட்டுக்காரப் பெண்ணிடம் முதலில் ஒரு கேள்வி: "பாய்லர் ஓடேக்கை மட்டுமோ மணக்குது அக்கா, இல்லாட்டி எந்த நேரமுமோ?" எந்நேரமும் என்று பதில் வந்தது. நோய் பாதி பிடிபட்டுவிட்டது. பாய்லர் ஓடாதபோதும் நாற்றம் இருந்தால், எப்போதும் அழுத்தம் நிற்கும் பகுதியில், அதாவது மீட்டருக்கும் பாய்லரின் கேஸ் வால்வுக்கும் நடுவே, கசிவு இருக்க வேண்டும். பற்றவைக்கும்போது மட்டும் வாடை வந்தால் தேட வேண்டிய இடம் வேறு.

அடுத்தது அளவுமானி. மீட்டரின் சோதனைமுனையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி மானோமீட்டரை இணைக்கிறார்கள். இன்று மின்னணு மானி பரவிவிட்டாலும், தண்ணீர் நிரப்பிய வளைந்த குழாயையே நம்பும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். பேட்டரி தீராது, நீர்மட்டம் கண்ணுக்கு நேரே தெரியும் என்பது அவர்கள் நியாயம். வீட்டுக்குழாயில் எரிவாயுவின் அழுத்தம் சுமார் 21 மில்லிபார். ஏறத்தாழ 21 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம்தான் அது. இவ்வளவு மெல்லிய அழுத்தத்தில் நடக்கும் கசிவு காதுக்குக் கேட்காது. அதனால்தான் மானி தேவைப்படுகிறது.

சோதனை இரண்டு கட்டம். முதலில் மீட்டர் வால்வையே சோதிப்பது. அழுத்தத்தை 7க்கும் 10க்கும் இடையே இறக்கி, வால்வை மூடி, ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அளவு மேலே ஏறினால் வால்வு முழுதாக மூடவில்லை, தெருப்பக்கத்து எரிவாயு உள்ளே ஊறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓட்டைக் குடத்தின் மேலே குழாய் சொட்டிக்கொண்டிருந்தால் குடத்தில் நீர் குறைவது எப்படித் தெரியும்? இந்தக் கட்டத்தைத் தாண்டிப்போகிறவர் கசிவுள்ள வீட்டையும் நல்ல வீடு என்று சொல்லிவிட்டுப் போகக்கூடும். வால்வு நன்றாக இருந்தால் அழுத்தத்தை 20, 21 வரை ஏற்றி மூடி, வெப்பநிலை சீராவதற்கு ஒரு நிமிடம் விட்டு, அதன்பின் இரண்டு நிமிடம் மானியைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். வெறும் குழாயில் கண்ணுக்குத் தெரிந்த இறக்கம் எதுவும் கூடாது. பாய்லரும் அடுப்பும் இணைந்திருந்தால் மீட்டரின் வகையையும் குழாயின் பருமனையும் பொறுத்துச் சிறிய இறக்கத்துக்கு இடமுண்டு. வாடை இருந்தால் அந்தச் சலுகையும் இல்லை.

அந்த வீட்டில் நீர்மட்டம் மெதுவாக இறங்கியது. பாய்லருக்கு அடியிலுள்ள குழாய்த் திருகை மூடி அதே சோதனையை மறுபடி செய்தார். இப்போது அசையவில்லை. ஆக, தரைக்கடியில் போகும் குழாயும் அடுப்பும் குற்றமற்றவை, பழுது பாய்லருக்குள்ளே. தரைப்பலகையைப் பெயர்க்காமல், சுவரை இடிக்காமல், ஒரு திருகை மூடியே தேட வேண்டிய இடத்தை ஓரடிக்குள் சுருக்கியதுதான் இந்தத் தொழிலின் அறிவு.

அதற்குப் பிறகே கசிவு காட்டும் திரவம் வெளியே வந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் அதைத் தடவி, குமிழ் வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் குமிழ் காட்டும்தான். ஆனால் அதிலுள்ள உப்பு நாளடைவில் உலோகத்தை அரித்துவிடும் என்பதால் தொழில் தெரிந்தவர் தொடமாட்டார். வழக்கமாகச் சந்தேகப்படும் இடங்கள்: திருகிலுள்ள பெரிய நட்டுக்குள் இருக்கும் நார் வாஷர், கேஸ் வால்வின் இணைப்பு, அந்த வால்விலுள்ள அழுத்தச் சோதனைமுனையின் சிறு திருகாணி. இந்த வீட்டில் குற்றவாளி கடைசியாகச் சொன்னது. முன்பு சர்வீஸ் பார்த்த யாரோ அளவெடுக்கத் தளர்த்திய திருகாணியைச் சரியாக இறுக்காமல் போயிருக்கிறார். குமிழ் ஒன்று மெல்லப் பெருத்து உடைந்தது, மறுபடி பெருத்தது.

பழுதுநீக்கம் எப்போதும் இவ்வளவு எளிதல்ல. வாஷர் போனால் புதியதே போட வேண்டும். பழையதைத் திருப்பிப் போட்டு நட்டை இன்னும் இறுக்குவது இருக்கிற கசிவைப் பெரிதாக்கும். எரிவாயுவுக்குரிய டெஃப்லான் நாடா, மரைப் பிடியால் அடைபடும் இணைப்புக்கு மட்டுமே. வாஷரால் அடைபடும் இணைப்பில் அதைச் சுற்றுவது அரைகுறை வேலையின் அடையாளம். பற்றுவைத்த இணைப்பில் கசிந்தால் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றுவைக்க வேண்டும். கேஸ் வால்வு உள்ளுக்குள் கெட்டால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, வால்வையே மாற்றிவிடுவார்கள்.

மானியால் பிடிக்க முடியாத கசிவும் உண்டு. பாய்லர் நிற்கும்போது கேஸ் வால்வு மூடியிருக்கும்; அதைத் தாண்டிய பகுதியில் அழுத்தமே இருக்காது. பர்னர் கதவின் முத்திரை வளையம் தேய்ந்திருந்தால் பாய்லர் ஓடும்போது மட்டுமே தெரியும். அதற்காகத்தான் அந்த முதல் கேள்வி.

வேலை முடிந்ததும் முழுச் சோதனையும் திரும்ப நடக்கிறது. இதைச் செய்யாதவர் பழுதுபார்த்ததாகவே கொள்ள முடியாது. பிறகு குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, பாய்லரைப் பற்றவைத்து, புகைக்குழாயில் பகுப்பாய்வுக் கருவியின் முனையைச் செருகிப் பார்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம் 0.004ஐத் தாண்டினால் எரிதல் சரியில்லை. கார்பன் மோனாக்சைடு கசிவு வேறொரு ஆபத்து. அதற்கு வாடையே இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி ஆளைக் கொல்லும். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல், பாய்லர் இருக்கும் அறையில் அதற்கான எச்சரிக்கை மணியை வைத்துக்கொடுப்பது வாடகைக்கு விடும் வீட்டு உரிமையாளரின் கடமை. 1998ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டுக்கொருமுறை கேஸ் சோதனை செய்து, அதன் நகலை 28 நாளுக்குள் குடியிருப்பவரிடம் தர வேண்டியதும் அவரே.

வாடகை வீட்டில் இருக்கும் பலர், உரிமையாளர் கோபித்துக்கொள்வாரோ என்று வாடையைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அவசர எண்ணை அழைக்க எவர் அனுமதியும் வேண்டாம். வந்து ஆபத்தை நிறுத்திக் கொடுப்பதற்குக் காசும் இல்லை. பழுதுபார்க்க வருகிறவரிடம் கேஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கள். அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்; அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் இருக்கும். கடைசிச் சோதனையின்போது மானியை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடமும் நீர்மட்டம் அசையக் கூடாது.