ஒன்றரை சி.சி.

12 ஜனவரி 2025, ஞாயிறு

வரைபடம் முடிந்தது. சிலிண்டர் உள்விட்டம் 12 மி.மீ., ஸ்ட்ரோக் 13 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 1.47 சி.சி. மொத்த எஞ்சினும் உள்ளங்கையில் அடங்கும். ஸ்பார்க் பிளக் இல்லை, வால்வு இல்லை, பிஸ்டனுக்கு ரிங்கும் இல்லை. சிலிண்டரின் உச்சியில் இன்னொரு குட்டி பிஸ்டன் இருக்கும். அதை மேலிருந்து ஒரு ஸ்க்ரூ அழுத்தும். ஸ்க்ரூவைத் திருகத் திருக கம்ப்ரெஷன் ஏறும். ஏறிய சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ளும்.

விமான மாடல் பறக்கவிடுகிறவர்களுக்கு இது பழைய சங்கதி. சுவிட்சர்லாந்தின் டைனோ எஞ்சின் 1941லேயே கடைக்கு வந்துவிட்டது. போர் முடிந்ததும் 1946ல் இங்கிலாந்தில் மில்ஸ் 1.3 வந்தது. அந்தக் குடும்பத்து மில்ஸ் 0.75ஐப் பார்த்து கல்கத்தாவில் அரோரா என்ற பெயரில் செய்தார்கள். அது வெளிநாடுகளுக்கும் போனது. நம் ஊரில் மாடல் விமானம் விட்ட பழைய என்.சி.சி. ஆட்களிடம் கேட்டால் அரோரா என்ற பெயருக்கே முகம் மலரும்.

இந்த வகை எஞ்சின் வாங்கவும் கிடைக்கும். ஆனால் எனக்கு வேண்டியது எஞ்சின் மட்டுமல்ல. இது டூ ஸ்ட்ரோக். இதில் எது எப்போது திறக்க வேண்டும், எது எப்போது மூட வேண்டும் என்ற அத்தனை முடிவும் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகளின் உயரத்தில்தான் இருக்கிறது. அந்த முடிவுகளை என் கையாலேயே வெட்டிப் பார்க்க வேண்டும்.

16 ஜனவரி, வியாழன்

காணும் பொங்கல். பீளமேட்டில் இருக்கும் டர்னர் மாமாவைப் பார்க்கப் போனேன். உறவு இல்லை, பழக்கத்தில் மாமா. ஸ்பின்னிங் மில் உதிரிபாகமும் பம்பு ஷாஃப்ட்டும் கடைந்தே ஓய்வு பெற்றவர். வரைபடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ரிங்கு போடலீங்களா?"

"இல்லீங்க மாமா. பிஸ்டனே அடைக்கோணும்."

"அப்பறம் மைக்ரோமீட்டர வெச்சு என்ன பண்றது? அது நூத்துல ஒண்ணு காட்டும். உங்களுக்கு வேணுங்கறது ஆயிரத்துல ரெண்டு மூணு. அது கைக்குத்தான் தெரியும்."

ஸ்லீவ், அதாவது சிலிண்டர் குழாய், கடைந்து முடித்ததும் கூப்பிடச் சொன்னார். அதைத் தேய்த்து அளவாக்கும் லேப்பிங்குக்குக் கட்டாயம் வருகிறேன் என்றார். அவர் வருவார் என்பதே எனக்குப் பாதி எஞ்சின்.

19 ஜனவரி, ஞாயிறு

கிராங்க். 20 மி.மீ. இ.என்.24 எஃகுக் கம்பியில் ஒரே துண்டாக. நாலு தாடை சக்கில் மையத்தை 6.5 மி.மீ. தள்ளிக் கட்டி, டயல் வைத்துச் சரிபார்த்து, பின்னைக் கடைந்தேன். கனெக்டிங் ராடு டியூராலுமினியத்தில். கிராங்க் கேஸ் அலுமினியக் கட்டியைக் குடைந்தது. இவற்றில் எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. பொறுமையுள்ள எந்தப் பட்டறையும் செய்யும்.

26 ஜனவரி, ஞாயிறு

காலையில் கொடியேற்றம் முடிந்து தெரு அடங்கியதும் ஸ்லீவை எடுத்தேன். இன்றுதான் ஓட்டைகள்.

எக்ஸாஸ்ட், பிஸ்டன் உச்சியிலிருந்து இறங்கும்போது 110 டிகிரியில் திறக்க வேண்டும். ராடின் நீளம் 26 மி.மீ. என்று வைத்துக் கணக்கிட்டால், பிஸ்டனின் அடிநிலையிலிருந்து 3.55 மி.மீ. உயரத்தில் எக்ஸாஸ்டின் மேல்விளிம்பு வருகிறது. கீழறையிலிருந்து புதுக் கலவை ஏறிவரும் ட்ரான்ஸ்ஃபர் வழி 120 டிகிரியில் திறக்க வேண்டும். அதற்கு 2.63 மி.மீ. இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தச் சிறு இடைவெளிக்குள் எரிந்த புகை அழுத்தம் தணிந்து வெளியே கிளம்பியாக வேண்டும். தாமதித்தால் புகை ட்ரான்ஸ்ஃபர் வழியாகக் கீழே இறங்கிப் புதுக் கலவையைக் கெடுக்கும். ஊசி அரத்தை ஒரு தடவை கூடுதலாக இழுத்து 0.1 மி.மீ. உயர்த்திவிட்டால் எக்ஸாஸ்ட் திறந்திருக்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு டிகிரி கூடிவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இதற்குக் கேம் ஷாஃப்ட் வேறு கடைய வேண்டும். இங்கே அரம் போதும்.

இந்த எளிமைக்குப் பின்னால் இங்கிலாந்தின் பாத் நகரம் இருக்கிறது. டூகல்ட் கிளார்க் 1880ஐ ஒட்டிச் செய்த டூ ஸ்ட்ரோக்குக்குக் கலவையைத் தள்ளத் தனியாக ஒரு பம்பு சிலிண்டர் வேண்டியிருந்தது. பாத்தில் இருந்த ஜோசப் டே, பிஸ்டனுக்கு அடியில் சும்மா கிடந்த கிராங்க் கேஸையே பம்பாக்கினார். அவருடைய முதல் வடிவத்தில் தடுப்பு வால்வுகள் இருந்தன. அவரிடம் வேலை பார்த்த ஃபிரெடரிக் காக் 1892ல் அதையும் தேவையில்லாமல் செய்தார். பிஸ்டனின் கீழ்விளிம்பு மேலேறும்போதே உள்வழியைத் திறந்துவிடும். மூன்று அசையும் உறுப்புகள்: பிஸ்டன், ராடு, கிராங்க். என் எஞ்சினும் காக் காட்டிய வழியில்தான் மூச்சிழுக்கப் போகிறது. நூற்றாண்டு கடந்தும் இந்த மூன்று உறுப்புகளே போதுமாக இருக்கின்றன என்பது எனக்குத் தீராத வியப்பு. காக்கின் பெயரை நம் ஐ.டி.ஐ. புத்தகங்கள் ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

மாமா வந்தார். பித்தளை லேப்பைப் பிளந்து, சரிவான கம்பியில் ஏற்றி, விரியும்படி செய்துகொண்டோம். லேத்தை மெதுவாக ஓடவிட்டு, நைஸ் பேஸ்ட்டை எண்ணெயில் குழைத்துத் தடவி, ஸ்லீவைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. ஸ்லீவ் கை பொறுக்காத சூடானால் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூட்டில் விரிந்த ஸ்லீவைச் சோதித்தால் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றும்.

துளை ஒரே அளவாக இருக்கக்கூடாது. மேலே போகப் போகச் சில மைக்ரான் ஒடுங்க வேண்டும். ஓடும்போது மேல்பகுதி அதிகச் சூடாகி விரியும். அப்போதுதான் மேலும் கீழும் ஒன்றாகும். ஆகவே குளிர்ந்த நிலையில் பிஸ்டன் அடியில் தாராளமாக நகர்ந்து, உச்சிக்குச் சற்று முன்னால் பிடிக்க வேண்டும்.

பிஸ்டன் வார்ப்பிரும்பு. அதற்கு வெளியிலிருந்து வளையம்போல் மாட்டும் வேறொரு லேப். பிஸ்டனையும் ஸ்லீவையும் பேஸ்ட் போட்டு ஒன்றோடொன்று தேய்க்க மாமா விடவே இல்லை. "ரெண்டும் சேந்து கெட்டுப்போகும். அவுங்கவுங்கள அவுங்கவுங்க லேப்புலயே சரிபண்ணுங்க" என்றார்.

ஒவ்வொரு சுற்றுக்கும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நுழைத்துப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் தொடர்ந்தது. மாலை நாலரைக்குச் சிலிண்டரின் உச்சியைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, ஓட்டைகளுக்கு மேலே பிஸ்டனைக் கீழே இழுத்து விட்டார். அது விறுக்கென்று மேலே திரும்பியது. விரலை எடுத்ததும் 'டப்' என்று சத்தம். என்னிடம் கொடுத்து மறுபடி செய்யச் சொன்னார். "இந்த இழுப்ப ஞாபகம் வெச்சுக்குங்க. அடுத்த எஞ்சினுக்கு நா வேண்டியதில்ல."

இந்த ஊரில் இதைக் கற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மெஷின்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டது நல்லதுதான், உடம்பு நோகாது. ஆனால் அந்த விரல்களுக்குத் தெரிந்தது எந்தக் கணினியிலும் ஏற்றப்படவில்லை. மாமாவைப் போன்றவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு, கையால் செய்துபார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். இதை எழுதும்போதே எனக்கு அவசரமாக இருக்கிறது.

9 பிப்ரவரி, ஞாயிறு

யெஸ்டி பைக் வைத்திருக்கும் அண்ணனின் பட்டறையில் எங்கள் டூ ஸ்ட்ரோக் கூட்டம் கூடியது. அவர் தகரத்தைக் கூம்பு கூம்பாக உருட்டி வெல்டிங் வைத்து எக்ஸ்பான்ஷன் சேம்பர் செய்துகொண்டிருக்கிறார். ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு எக்ஸாஸ்ட் குழாய் உள்ள வண்டி என்பதால் எல்லாம் இரண்டிரண்டு செய்ய வேண்டும். அந்தக் கூம்புகளுக்குக் காரணம் உண்டு. எக்ஸாஸ்ட் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, விரியும் கூம்பில் நுழையும்போது பின்னோக்கி ஓர் உறிஞ்சலை அனுப்பும். அது சிலிண்டரைக் காலி செய்ய உதவும். குறுகும் கூம்பில் மோதும் அலை அழுத்தமாகத் திரும்பிவந்து, தப்பி ஓடிய புதுக் கலவையை உள்ளே தள்ளும். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லாமல் வெறும் தகரம் வால்வின் வேலையைச் செய்துவிடுகிறது. நிமிடத்துக்கு 7000 சுற்றில் இது நடக்க வேண்டுமானால் குழாயின் நீளம் ஒரு மீட்டரை ஒட்டி வரும்.

இதை நுணுக்கமான கலையாக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் சோபௌ ஊரில் எம்.இசட். கம்பெனியில் இருந்த வால்டர் காடன். 1961ல் அவருடைய 125 சி.சி. பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200 என்ற அளவை, சூப்பர்சார்ஜர் இல்லாமல் தானே மூச்சிழுக்கும் எஞ்சின் தொட்டது அப்போதுதான். பணமும் பொருளும் போதாத ஒரு தொழிற்சாலையில் அதைச் செய்தார். அந்த ஆண்டே அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்திலிருந்து மேற்கே தப்பிப்போய் சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டு சுசுகி 50 சி.சி.யில் உலகப் பட்டம் வென்றது. நம் தெருக்களில் யமஹா ஆர்.எக்ஸ். 100 எழுப்பிய அந்த உலோக நாதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் காடனின் நினைவு வரும்.

கல்லூரிப் பையன் ஒருவன் வந்திருந்தான். அவன் ஆசை வேறு. ஆஸ்திரியாவின் பூக் கம்பெனி 1923லிருந்து செய்த இரட்டை பிஸ்டன் வகை: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை, மேலே ஒரே எரியறை. ஒரு பிஸ்டன் ட்ரான்ஸ்ஃபரைத் திறக்கும், மற்றது எக்ஸாஸ்டை. ராடுகளை ஏற்பாடு செய்கிற விதத்தால் எக்ஸாஸ்ட் முன்னே திறந்து முன்னே மூடும். சாதாரண டூ ஸ்ட்ரோக்கில் முன்னே திறப்பது பின்னேதான் மூடும், புதுக் கலவை வெளியே ஓடும். டூ ஸ்ட்ரோக்கைச் சாலையிலிருந்து இறக்கியதே அந்தக் கசிவும் எண்ணெய்ப் புகையும்தான். இறக்கியது நியாயம். 2015ல் டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட் ஃபோர் ஸ்ட்ரோக்கில் வந்தபோது எங்கள் கூட்டத்தில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. நகரத்து நுரையீரலுக்கு முன்னால் எங்கள் பாசத்துக்கு வாதமே கிடையாது. ஆனால் அந்தக் கசிவை அடைக்க எத்தனை பேர் எத்தனை விதமாக முயன்றார்கள் என்பதைப் பையன்கள் செய்து பார்த்தே அறியட்டும்.

14 பிப்ரவரி, வெள்ளி

எரிபொருள். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், மூன்றும் சம பங்கு. குறைந்த சூட்டில் தானாகப் பற்றுவது ஈதர், சக்தி தருவது மண்ணெண்ணெய், வழவழப்புக்கு விளக்கெண்ணெய். ஈதரில் கலந்து நிற்பதாலும் சூட்டில் படலம் அறாததாலும் விளக்கெண்ணெய்க்கு இந்த இடம்.

ஈதரிடம் மட்டும் பயம் வேண்டும். 34.6 டிகிரியில் கொதித்துவிடும். கோவையில் மார்ச் வந்தால் திறந்த பாட்டிலிலேயே கொதிக்கும். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து தூரத்து அடுப்பைக்கூடத் தேடிப்போகும். நாள்பட்டால் வெடிக்கும் பெராக்சைடு சேரும். எனவே கருப்பு பாட்டில், இறுக்கமான மூடி, கொஞ்சமாக, புதிதாக. பட்டறைக்கு வெளியே, மரத்தடியில், நெருப்பில்லாமல் கலக்க வேண்டும். கல்லூரிப் பையனை இதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லியே செய்தேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

விடியற்காலை, வெயில் ஏறுமுன். எஞ்சினைப் பலகையில் கட்டி 8-க்கு 4 மர ப்ரொப்பெல்லர் மாட்டினோம். காற்றுக்குழாயை விரலால் மூடி ஒன்றிரண்டு சுற்று. அதிகம் உறிஞ்சினால் திரவம் நிறைந்து ராடு வளைந்துவிடும் என்பதால் முதலில் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு ப்ரொப்பெல்லரைச் சுண்டினேன்.

ஒன்றுமில்லை. ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கினேன். 'டுப்'. வெள்ளைப் புகை. இன்னும் கொஞ்சம். அடுத்த தடவை சுண்டியதும் பிடித்துக்கொண்டது.

சூடேறியதும் சத்தம் கடுமையாகி இழுக்க ஆரம்பித்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, எரிபொருளை அளவிடும் ஊசி வால்வைச் சற்று அடைத்தேன். சத்தம் சீரானது. டாகோமீட்டர் 7000ஐ ஒட்டிக் காட்டியது. நொடிக்கு 116 தடவைக்கு மேல். அதில் ஒவ்வொரு தடவையும் ட்ரான்ஸ்ஃபர் திறந்திருப்பது ஆயிரத்தில் மூன்று பங்கு நொடிகூட இல்லை. அந்த நேரத்துக்குள் உள்ளே போக வேண்டியது போய், வெளியே வர வேண்டியது வந்துகொண்டிருந்தது. என் அரம் வெட்டிய 2.63 மி.மீ. அது. எனக்குத் தொண்டை அடைத்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார்.

"அடிக்கல. நல்லா இருக்குது."

பிறகு பையனுக்காக நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கமாகச் சுண்டினேன். அதே எஞ்சின் தலைகீழாகச் சுற்றி ஓடியது. ப்ரொப்பெல்லர் காற்றை எங்கள் முகத்தை விட்டு எதிர்ப்பக்கம் தள்ளியது. மூன்று வழிகளும் பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே திறந்து மூடுவதால் எந்தப் பக்கம் சுற்றினாலும் நேரக்கணக்கு ஒன்றே. பையன் குனிந்து ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வகுப்பெடுத்தால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

17 பிப்ரவரி, திங்கள்

வேலை முடிந்து வந்து பிரித்தேன். பிஸ்டனின் மேல்பாதியில் சீரான சாம்பல் மினுக்கு, கீழே லேப்பிங் தடம் அப்படியே. கீறல் இல்லை. கிராங்க் பின்னில் ராடு லேசாகத் தேய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அது வேண்டியதுதான். எக்ஸாஸ்டை 0.1 மி.மீ. உயர்த்தலாமா என்று யோசித்து, இந்த ஸ்லீவைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒப்பிட ஒன்று வேண்டும்.

மாமா போனில் கூப்பிட்டார். அடுத்த ஞாயிறு அவர் வீட்டிலேயே லேப்பிங் சொல்லித் தருகிறாராம், பையனோடு அவன் சேக்காளிகள் இருவரும் வருகிறார்களாம். வார்ப்பிரும்புக் கம்பியும் ஸ்லீவுக்கு மைல்ட் ஸ்டீலும் நாலு பேருக்குக் கணக்காக வெட்டி வைக்கச் சொன்னார். உக்கடத்து இரும்புக் கடைகளில் நாளை சாயந்திரம் போய்ப் பார்க்க வேண்டும்.